ஏரிக்கரைக் களிமண்ணும் ஜிம்னியும்: எம்டி டயர் போடலாமா?

களிமண் | செப்டம்பர் 14, இரவு 10.52

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு எச்எஸ்ஆர் லேஅவுட்டில் இருக்கிறேன். மாருதியின் நாலு சக்கர இழுவை வண்டியான ஐந்து கதவு ஜிம்னி, மேனுவல், 19,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரநாளில் பெல்லந்தூர் பக்கம் ஆபீஸ் போய்வருவதோடு சரி. மாதம் இரண்டு முறை தேன்கனிக்கோட்டை தாண்டி மாமனார் தோட்டத்துக்குப் போவோம்.

தொல்லையெல்லாம் கடைசி 600 மீட்டரில்தான். ஏரிக்கரை ஓரமாகப் போகும் வண்டித்தடம். ஏரியில் வண்டல் அள்ளி வயலுக்கு அடித்தபோது டிராக்டர் டிப்பரிலிருந்து சிந்தியதெல்லாம் தடத்திலேயே கிடக்கிறது. காய்ந்தால் சிமெண்ட், நனைந்தால் வெண்ணெய். போன ஞாயிற்றுக்கிழமை அதில் மாட்டிக்கொண்டேன். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. மாமனார் குடையோடு வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டிராக்டர் கூப்பிடப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எம்டி டயர் (மட் டெரெய்ன், சேற்றுக்கென்றே செய்தது) போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மேக்சிஸ் பிக்ஹார்ன் 235/75 ஆர்15, பிஎஃப் குட்ரிச் கேஎம்3 215/75 ஆர்15, யோகோஹாமா ஜியோலேண்டர் எம்/டி ஜி003, இந்த மூன்றில் எது? பட்ஜெட் கொஞ்சம் இழுக்கலாம்.

பழையஜிப்சி | செப்டம்பர் 14, இரவு 11.20

கண்ணை மூடிக்கொண்டு பிக்ஹார்ன் போடுங்கள் தம்பி. என் ஜிப்சியில் பன்னிரண்டு வருஷமாக எம்டிதான் ஓடுகிறது. சக்லேஷ்பூர் எஸ்டேட் ரோட்டில் ஜூலை மாதம் போய்ப் பாருங்கள், அப்போது தெரியும் அதன் அருமை. சத்தம் வரும் என்பார்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் சத்தம், அப்புறம் அதுதான் தாலாட்டு.

தார்ரோடு | செப்டம்பர் 15, காலை 7.05

அண்ணே, உங்கள் ஜிப்சி மாதத்தில் எத்தனை நாள் சில்க் போர்டு சிக்னலில் நிற்கிறது? இவர் தினமும் நிற்கிறார். வருஷத்தில் இருபது நாள் அந்தக் களிமண், மீதி நாளெல்லாம் தார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் அனுபவம் ஒன்று. தார் ரோட்டில் எம்டி போட்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். பிராண்ட் பெயர் வேண்டாம், அந்த டயர் மேல் தப்பில்லை. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், சாயங்காலம், கோடைக்குப் பிறகு வந்த முதல் மழை. முன்னால் போன டாக்ஸி சட்டென்று பிரேக் போட்டது. நான் எழுபதில் இருந்தேன். மிதித்தேன். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், ஏதோ யோசித்துப் பார்த்துவிட்டு நின்றது. முன் பம்பருக்கும் அந்த டாக்ஸிக்கும் நடுவில் ஒரு கைப்பை வைக்கிற இடம்தான் இருந்தது. ஏபிஎஸ் கடகடவென்று அடித்த சத்தம் இன்னும் காலில் இருக்கிறது.

காரணம் எளிது. எம்டியில் ரப்பர் கட்டைகள் பெரிசு, நடுவில் இடைவெளியும் பெரிசு. சேற்றில் அந்த இடைவெளிதான் பலம். தாரில் அதே இடைவெளி என்றால் ரோட்டில் படுகிற ரப்பர் குறைவு. ஈரத் தாரில் பிடிமானம் தருவது கட்டைகளின் மேல் இருக்கும் மெல்லிய வெட்டுக்கள். எம்டியில் அவை குறைவு, ரப்பரும் பெரும்பாலும் கடினம்.

கேஜ்வீல் | செப்டம்பர் 15, காலை 9.40

மன்னார்குடிப் பக்கம் ஊர், இப்போது கே.ஆர்.புரம். டயரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் டிராக்டரில் கற்றது. டயர் சொல்வதற்கு முன்னால் நான் சிலது கேட்கிறேன். மாட்டியபோது 4எச்சில் (நாலு சக்கர இழுவை, சாதாரண வேகம்) இருந்தீர்களா, 4எல்லில் (நாலு சக்கர இழுவை, வேகம் குறைவு, முறுக்கு அதிகம்) இருந்தீர்களா? டயரில் காற்று எவ்வளவு? சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது?

இந்த மூன்றும் தெரியாமல் டயர் சொல்வது, நாடி பிடிக்காமல் மருந்து சொல்வது மாதிரி.

களிமண் | செப்டம்பர் 15, மதியம் 1.15

4எச். காற்று 33 இருக்கும், பெட்ரோல் பங்க்கில் பையன் அடித்தது. அடித்தரை தெரியாது சார்.

கேஜ்வீல் | செப்டம்பர் 15, மதியம் 2.02

அப்படியா. சரி, திட்டவில்லை.

முதலில் 4எச். அதில் ஈஎஸ்பி, அதாவது வண்டி வழுக்காமல் தானாகப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, வேலை செய்துகொண்டே இருக்கும். சக்கரம் சுற்றுகிறது என்று தெரிந்தவுடன் எஞ்சின் பலத்தைக் குறைத்துவிடும். சேற்றில் நீங்கள் கேட்பது முறுக்கு, அது தருவது அறிவுரை. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து 4எல் போட்டால் ஈஎஸ்பி தானாக விலகிவிடும். ஆனால் சுற்றுகிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து மற்றதுக்கு இழுவை அனுப்புகிற வேலை நிற்காது. ஜிம்னியில் டிஃப் லாக் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டி ஒரே வேகத்தில் சுற்ற வைப்பது) கிடையாது, அந்த பிரேக் வித்தைதான் லாக். அது வேலை செய்ய ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தொடர்ந்து கொடுக்க வேண்டும். பயந்து விட்டுவிட்டால் அதுவும் விட்டுவிடும்.

இரண்டாவது காற்று. 1200 கிலோ வண்டி. சக்கரத்துக்கு 300 கிலோதான் வருகிறது. 33 அடித்தால் டயர் கல்லு மாதிரி நிற்கும். 18க்கு இறக்கினால் தரையில் படுகிற பகுதி நீளமாகும். அகலம் கூடுவதைவிட நீளம் கூடுவதுதான் அதிகம், புல்டோசர் சங்கிலி போல. 15க்குக் கீழே வேண்டாம், வளைவில் பக்கவாட்டு அழுத்தம் வந்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இறக்கிய காற்றோடு முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். தார் வந்ததும் திரும்ப அடியுங்கள்.

மூன்றாவதுக்கு ஒரு கம்பி எடுத்துக்கொண்டு போய்க் குத்திப் பாருங்கள்.

மூணாவதுகியர் | செப்டம்பர் 15, மாலை 6.30

நடுவில் ஒரு விஷயம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறுகிற ஜீப் அண்ணன்களைப் பார்த்திருக்கிறீர்களா? விடியற்காலை மூன்று நாலு மணிக்கு, பின்னால் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு. நான் போன ஜீப்பில் இருந்தது சாதாரண டயர், அதுவும் பாதி தேய்ந்தது. அந்தக் கல்லையும் பள்ளத்தையும் அவர் டயரால் கடக்கவில்லை, ஒவ்வொரு கல்லையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கத்தால் கடந்தார்.

பழையஜிப்சி | செப்டம்பர் 15, இரவு 9.10

அது கல் பாதை. கல்லுக்குப் பழக்கம் போதும். களிமண்ணுக்குப் பழக்கம் போதாது. சேறு அப்பிய எச்டி டயரை, அதாவது கம்பெனி போட்டுத் தருகிற ரோட்டு டயரை, இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பள்ளமெல்லாம் அடைத்து, வழுவழுவென்று மொட்டைத் தலை மாதிரி இருக்கும். அதற்கு மேல் நீங்கள் எந்தக் கியர் போட்டாலும் மொட்டைத் தலைதான்.

கேஜ்வீல் | செப்டம்பர் 15, இரவு 9.48

ஜிப்சிக்காரர் சொல்வது நூறு சதம் சரி. எம்டியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. டிராக்டர் பின் டயரைப் பாருங்கள். கட்டைகள் சாய்வாக, நடுவிலிருந்து வெளிப்பக்கம் ஓடும். வெளி ஓரம் திறந்திருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற மண் அந்த வாய்க்கால் வழியாக வெளியே தள்ளப்படும். எம்டியும் அதே யோசனைதான். கேஎம்3யில் கட்டைகளுக்கு நடுவில் சின்னச் சின்ன முகடுகள் இருக்கும், ஒட்டிய மண்ணை உதிர்ப்பதற்கென்றே.

ஆனால் மண் உதிர வேண்டும் என்றால் சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். 4எல் முதல் கியரில் நத்தை மாதிரி ஊர்ந்தால் எம்டியும் அடைத்துக்கொள்ளும். 4எல்லில் இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது. இன்னொன்று, நாற்று நடுவதற்கு முன் சேறடிக்கும்போது எங்கள் ஊரில் ரப்பரை நம்புவதே இல்லை. கூண்டு மாதிரி இருக்கும் இரும்பு கேஜ் வீல் மாட்டுவோம். ஒட்டுகிற களிமண்ணில் ரப்பர் எதுவானாலும் ஒரு எல்லை உண்டு என்பது எங்கள் அப்பாவுக்குத் தெரியும்.

டயர்க்கடை_தம்பி | செப்டம்பர் 16, காலை 11.25

ஜே.சி. ரோட்டில் வேலை பார்க்கிறேன், எந்தக் கடை என்று கேட்காதீர்கள். அண்ணன் சொன்ன மூன்று டயரும் நல்ல டயர்தான். அளவில்தான் பிரச்சினை.

ஜிம்னிக்குக் கம்பெனி அளவு 195/80 ஆர்15 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம்). மொத்த உயரம் 693 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் 703, ஒன்றரை சதவீதம்தான் வித்தியாசம், வண்டிக்கே தெரியாது. 235/75 ஆர்15 போட்டால் 733. வண்டி 20 மில்லிமீட்டர் உயரும், ஆக்சிலும் அவ்வளவு உயரும். சேற்றில் அது பெரிய லாபம், மறுக்கவில்லை. ஆனால் மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 106இல் போவீர்கள். எஞ்சினுக்கு இருப்பதோ 134 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஒவ்வொரு கியரும் ஆறு சதவீதம் நீளமாகிவிடும். மேம்பாலம் ஏறும்போது நாலாவதில் போகிற இடத்தில் மூன்றாவது கேட்கும். முழுசாகத் திருப்பும்போது உள்ளே உரசும் என்று வருகிறவர்களும் உண்டு.

ஐந்தாவது டயரையும் மறந்துவிடாதீர்கள். ஸ்டெப்னி பின் கதவில் தொங்குகிறது. எம்டி கனம். தினமும் திறந்து மூடுகிற கீல் அது. நாலு மட்டும் மாற்றி ஸ்டெப்னியை விட்டுவிடலாம் என்று நினைத்தால், பஞ்சர் ஆன அன்றைக்கு ஒரு சக்கரம் மட்டும் குட்டையாக இருக்கும். அப்போது 4டபிள்யூடி (நாலு சக்கர இழுவை) போட்டால் கியர் பெட்டிக்குள் பல்லோடு பல் சண்டை போடும். முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி.

சிவப்புத்தொப்பி | செப்டம்பர் 16, மதியம் 12.10

பின்னால் மட்டும் இரண்டு எம்டி போட்டால்? செலவு பாதி.

டயர்க்கடை_தம்பி | செப்டம்பர் 16, மதியம் 12.14

வேண்டாம் அண்ணே. இப்போது சொன்னதே அதற்கும். மழையில் முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி என்றால் வளைவில் வண்டி யார் பேச்சைக் கேட்கும்?

தார்ரோடு | செப்டம்பர் 16, மதியம் 1.30

அளவைப் பற்றிப் பேச்சு வந்ததால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. பதிவுச் சான்றிதழில் இருக்கும் தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அத்திப்பள்ளி எல்லையை மாதம் நாலு தடவை கடக்கிறவர் இவர். கேஏ நம்பர், ரிம்மை விட்டுப் பிதுங்குகிற டயர், நிறுத்தாமல் விடுவார்களா?

பழையஜிப்சி | செப்டம்பர் 16, மதியம் 1.52

சட்டம் பேசினால் நானும் என் ஜிப்சியும் எப்போதோ உள்ளே போயிருக்க வேண்டும். சரி, அதை விடுங்கள். 235 வேண்டாம், 215 கேஎம்3 போடச் சொல்லுங்கள். ஒன்றரை சதவீதத்தை யார் டேப் வைத்து அளக்கப் போகிறார்கள்.

டயர்க்கடை_தம்பி | செப்டம்பர் 16, மாலை 4.40

போடலாம். கிடைக்க வேண்டுமே. 2020 ஜூன் மாதம் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததிலிருந்து வெளிநாட்டு எம்டி என்றால் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கையில் சரக்கு இருப்பவர் சொல்வதுதான் விலை. அதனால் சிலர் பழைய சரக்கைப் புதுசு என்று தள்ளிவிடுவார்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. அந்த நாலு எண் ஒரு பக்கச் சுவரில்தான் இருக்கும். மாட்டும்போது அதை உள்பக்கம் திருப்பி மாட்டிவிட்டால் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் மாட்டுவதற்கு முன்னால் பாருங்கள்.

இன்னொன்றும் படியுங்கள். 215/75 கேஎம்3யில் 100/97க்யூ என்று இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். க்யூ என்றால் 160 கிலோமீட்டர் வேகம் வரை. கேஜ்வீல் அண்ணன் கணக்குப்படி உங்கள் சக்கரத்துக்கு 300 கிலோ. 800 கிலோவுக்குக் கட்டிய சுவர் 300 கிலோவுக்கு மடங்காது. பஞ்சு மெத்தையில் பூனை உட்கார்ந்தது போல டயருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. ரோட்டில் தூக்கித் தூக்கிப் போடும், சேற்றில் காற்றை இன்னும் இறக்கினால்தான் வளையும். இதே டயர் 1800 கிலோ வண்டியில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தார்க்காரர் புகழ்கிற டயரை ஜிம்னிக்காரர் வாங்கி ஏமாறுவது இதனால்தான்.

தார்ரோடு | செப்டம்பர் 16, மாலை 5.05

தார்க்காரர் எங்கே புகழ்ந்தேன்?

டயர்க்கடை_தம்பி | செப்டம்பர் 16, மாலை 5.06

மகிந்திரா தார் அண்ணே. நீங்கள் தார் ரோடு.

மூணாவதுகியர் | செப்டம்பர் 16, இரவு 8.20

இந்த 800, 300 கணக்கு இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ராமநகரம், சாவனதுர்கா பக்கம் பாறையில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தத் தடித்த சுவர் தேவை, கிரானைட் கூர்முனை சுவரைக் கிழித்துவிடும். ஏரி வண்டலில் கிழிக்க என்ன இருக்கிறது?

களிமண் | செப்டம்பர் 22, மாலை 7.45

ஒரு வாரமாகப் பேசவில்லை, மன்னிக்கவும். இன்றைக்குத்தான் தோட்டத்துக்குப் போனேன்.

மாமனாரிடம் பந்தல் கம்பி ஒன்று வாங்கிக்கொண்டு தடத்தில் நடந்தேன். பத்து அடிக்கு ஒரு குத்து. பெரும்பாலான இடத்தில் ஒரு சாண் இறங்கி ‘டக்’கென்று நின்றது, அடியில் சரளை. மதகுக்குப் பக்கத்தில் நாற்பது அடி தூரத்துக்கு மட்டும் கம்பி முழங்கால் உயரம் இறங்கியது, சத்தமே இல்லை. நான் போன முறை மாட்டியதும் அங்கேதான். மாமனார் தோட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பக்கத்தில் வந்து, “கிணறு வெட்டப் போறீங்களா மாப்ளே?” என்றார். ஒரு மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

அப்புறம் டயரை 18க்கு இறக்கினேன், 4எல், இரண்டாவது கியர். ஒரு சாண் ஆழம் இருந்த இடமெல்லாம் வழுக்கிக்கொண்டே ஆனால் நிற்காமல் போனது. நம்பவே முடியவில்லை, அதே மொட்டைத் தலை டயர்தான். மதகுப் பக்கம் மட்டும் போகாமல் திரும்பினேன்.

கேஜ்வீல் | செப்டம்பர் 22, இரவு 8.10

அந்த ஒரு சாணுக்குக் குறுகிய டயர்தான் நல்லது. கத்தி மாதிரி சேற்றை அறுத்துக்கொண்டு போய்ச் சரளையைப் பிடிக்கும். 235 போட்டிருந்தால் மேலே மிதக்கப் பார்க்கும், சரளை வரை இறங்காது. அடித்தரையே இல்லாத சேற்றில் நேர் எதிர், அங்கே அகலம் வேண்டும். மதகுப் பக்கம் அந்த நாற்பது அடி இரண்டாவது வகை. அங்கே எம்டி போட்டாலும் பந்தயம் கட்டமாட்டேன்.

நான் வேறு ஒன்று சொல்லவா? அந்த நாற்பது அடிக்கு இரண்டு டிப்பர் சரளை. ஐந்து எம்டி டயர் விலையில் எத்தனை டிப்பர் வரும் என்று கணக்குப் போடுங்கள்.

களிமண் | செப்டம்பர் 22, இரவு 8.31

கேட்டேன் சார். ஏரிக்கரை அரசு இடம், கொட்டுவதற்கு அனுமதி வேண்டுமாம். ஊராட்சியில் எழுதிக் கொடுக்கலாம் என்கிறார் மாமனார். “எழுதிக் குடுத்தா அடுத்த மழைக்குள்ள வரும்” என்றார். எந்த வருஷத்து மழை என்று சொல்லவில்லை.

பழையஜிப்சி | செப்டம்பர் 23, காலை 6.50

அப்போ எம்டி இல்லையா? மனசு உடைந்துவிட்டது தம்பி. ஆனாலும் அந்த எச்டி டயரோடு ஐப்பசி மழையில் போகாதீர்கள். குறைந்தபட்சம் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏடியாவது போடுங்கள். ஏடியை நான் இத்தனை நாள் ஆண்மையற்ற டயர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டம்மாவின் காரில் போட்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

தார்ரோடு | செப்டம்பர் 23, காலை 8.15

அண்ணன் கட்சி மாறிய இந்த நாளைக் குறித்து வைக்கிறேன். ஏடி போட்டாலும் ஈரத் தாரில் எச்டியைவிடக் கொஞ்சம் பார்த்துத்தான் பிரேக் போட வேண்டும். எம்டி அளவு மோசமில்லை.

டயர்க்கடை_தம்பி | செப்டம்பர் 23, காலை 11.00

195/80 ஆர்15 அளவிலேயே யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி ஜி015 செய்கிறார்கள். பாரம் ஏற்றும் வண்டிக்கான எல்டி வகை இல்லை, அதனால் சுவர் மிருதுவாக இருக்கும். கையில் சரக்கு இருக்கிறதா என்று நாலு கடைக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஐந்தும் ஒரே வாரத்தில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றுங்கள்.

களிமண் | அக்டோபர் 27, இரவு 9.30

ஏடி, கம்பெனி அளவு, ஐந்தும் போட்டாகிவிட்டது. முதலில் கேட்ட கடையில் மூன்று வருஷப் பழைய சரக்கை “பார்சல் இப்போதான் பிரிச்சோம்” என்று காட்டினார்கள். தம்பி சொன்னபடி அந்த நாலு எண்ணைப் படித்துக் காட்டியதும் கடைக்காரர் டீ சொன்னார். குடித்துவிட்டு வேறு கடைக்குப் போனேன்.

ரோட்டில் மெல்லிய ஊங்காரம், அறுபதுக்கு மேல். பின் சீட்டில் பாப்பா தூங்குகிறாள், அதனால் தேறியது. மைலேஜ் லிட்டருக்கு ஒன்று குறைந்திருக்கும் போலத் தெரிகிறது, இன்னும் இரண்டு டேங்க் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்.

நேற்று ராத்திரி அங்கே நல்ல மழை. இன்று காலை ஒரு சாண் சேற்றில் 18 காற்றோடு போனது, எச்டி மாதிரி வாலை ஆட்டவில்லை. மதகு வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கிக் கம்பியைக் குத்தினேன். முழங்காலுக்கு மேல் போனது. வண்டியை மதகுக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் விட்டுவிட்டு, பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மீதியை நடந்தோம்.

பழையஜிப்சி | அக்டோபர் 27, இரவு 9.41

மாமனார் என்ன சொன்னார்?

களிமண் | அக்டோபர் 27, இரவு 9.44

கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, இதே மாதிரி அவருடைய டிரெய்லருக்கும் கிடைக்குமா என்று கேட்டார். தம்பி, அது 6.00-16. ஏதாவது இருக்கிறதா?